அனுன்னாக்கி ரத்தம்

ஜூன் 9, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் கொதி. ஆனையூருக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. கல்லூரி திறந்து முதல் வகுப்பு. இரண்டாம் ஆண்டு வரலாறு, முதல் பாடம் மெசபடோமியா. கரும்பலகையில் இரண்டு ஆறுகளை வரைந்து முடிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"சார், அனுன்னாக்கி எப்ப வரும்?"

"எது?"

"வேற கிரகத்துல இருந்து தங்கம் தோண்ட வந்தாங்கள்ல சார். அவங்கதான மனுசனையே உண்டாக்குனாங்க. யூடியூப்ல இருக்கு."

வகுப்பில் பாதிக்கு மேல் தலையாட்டல். பாடப்புத்தகம் ஒருவரிடமும் இல்லை. அது அந்த ஊர்க்காரர்கள் கும்பிட்ட பெரிய தெய்வங்களின் கூட்டத்துக்குப் பெயர், கிரகமும் கிடையாது ராக்கெட்டும் கிடையாது என்றேன். "அப்ப சிலையில ரெக்கை இருக்கே சார்?" நம்ம கோயில் யாளிக்குச் சிங்க முகமும் இருக்கு, துதிக்கையும் இருக்கு, அது எந்தக் கிரகத்திலிருந்து வந்தது என்றேன். சிரித்தார்கள். இவ்வளவுதான் இன்றைய வெற்றி.

அவர்கள் பார்க்கும் அந்தச் சேனலை நடத்துவது என் தங்கை புருஷன் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் தேன்மொழி போன். தேனு எனக்குப் பதினோரு வயது இளையவள். இப்போது மாசமாக இருக்கிறாள். "டாக்டரம்மா ரத்தம் சரியில்லைங்கிறாங்கண்ணே. ஸ்கேன் எடுக்கணுமாம். அவரு வேணாம்னு சொல்றாரு. எனக்கும் வேணாம்னுதான் தோணுது."

வாங்க வேண்டியது: சாக்பீஸ், வீட்டுக்காரி சுகந்திக்கு மூட்டுத் தைலம். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டரம்மாவை நானே போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது, எனக்கு விளங்கிய மட்டும்:

தேனுவுக்கு ஓ நெகட்டிவ். மாப்பிள்ளை கார்த்திக்குப் பாசிட்டிவ். பிள்ளைக்கு அப்பனின் வகை வந்துவிட்டால் தாயின் உடம்பு அதை அந்நியம் என்று நினைக்கும். முதல் தடவை ஒன்றும் ஆகாது. ஆனால் உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளையின் ரத்தத்தை அழிக்க ஆரம்பிக்கும். முதல் தடவையே ஓர் ஊசி போட்டுவிட்டால் அந்த ஞாபகம் வராது.

போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் கலைந்ததே, அப்போது அந்த ஊசியைப் போடவில்லை. வீட்டில் வைத்தே எல்லாம் முடிந்துவிட்டது. அழுகையில் யாருக்கும் ரத்த வகை ஞாபகம் இல்லை.

"இப்ப ஊசி போடலாமே மேடம்?"

"இனிமே பிரயோஜனம் இல்ல சார். ஸ்கேன்ல பாத்துக்கிட்டே இருக்கணும். பிள்ளைக்கு ரத்தம் குறைஞ்சா வயித்துக்குள்ளயே ஏத்தணும். இங்கயே செய்யலாம். ஆனா அவங்க வரணும்ல."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

கீழக்குயில்குடி. சமணர் மலைக்குக் கீழே கடைசித் தெருவில் தேனு வீடு. மாப்பிள்ளைக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டும் தொழில். கடைகள், கல்யாண மண்டபங்கள், ரைஸ் மில். தன் வீட்டிலும் நான்கு. வாசல், கூடம், அடுப்படி, மொட்டை மாடி. மாடியில் இருப்பது வானத்தைப் பார்த்தபடி.

கெட்ட ஆள் இல்லை. அதுதான் கஷ்டம். போன உடனே எழுந்து தன் நாற்காலியைத் தந்தார். தேனுவுக்கு மாதுளம்பழத்தை உரித்து ஒரு முத்துக்கூட நசுங்காமல் கிண்ணத்தில் வைத்திருந்தார்.

"மச்சான், நீங்க படிச்சவுக. பாசிட்டிவ்னா என்ன? குரங்கு ரத்தம். அந்த ஆர்.எச்.ங்கிறதே ரீசஸ்னு ஒரு குரங்கு பேருதான். அனுன்னாக்கி வந்து குரங்கு ரத்தத்துல தங்க ரத்தத்தைக் கலந்து நம்மளைச் செஞ்சாங்க. நெகட்டிவ்ல கலப்பே கிடையாது. தேனு நேர் வாரிசு மச்சான். அதான் நம்ம வகைப் பிள்ளையை அவ உடம்பு ஏத்துக்க மாட்டேங்குது."

மலை மேலே சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகளை டேப் வைத்து அளந்திருக்கிறார். மனிதன் படுக்க இம்புட்டு நீளம் எதுக்கு என்று கேட்டார். தலைமாட்டில் கொஞ்சம் இடம் விடாமல் யார் மாப்ள படுக்கை வெட்டுவாங்க என்றேன். பாவமாகப் பார்த்தார், ஏதோ எனக்குத்தான் சுகமில்லை என்பது மாதிரி.

"இந்தப் பிள்ளையும் போயிட்டா?"

"போகாது. நெகட்டிவா இருந்தா அவ உடம்பே காப்பாத்தும். பாசிட்டிவா இருந்தா..." நிறுத்திவிட்டார். கண் கலங்கியது. "போன தடவை துணியில சுத்தி எடுத்துட்டுப் போனது நான் மச்சான்."

காப்பி நல்லாயிருந்தது. எரிச்சலாக இருந்தது, அது நல்லாயிருந்ததே.

ஜூன் 14, சனி

தேனுவை வீட்டுக்கு வரச்சொன்னேன். சுகந்தி கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். சாப்பிட்டதும் மெசபடோமியக் களிமண் பலகைகளில் உண்மையில் இருப்பது என்ன என்று உட்கார்ந்து சொன்னேன். வகுப்பில்கூட இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை.

பெரிய தெய்வங்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன தெய்வங்கள் வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டி வெட்டிச் சலித்து ஒருநாள் மம்பட்டியைக் கொளுத்திப் போட்டுவிட்டு வேலைநிறுத்தம். அதற்குப் பதில் ஆள் வேண்டுமே? ஒரு தெய்வத்தைக் கொன்று, அவன் ரத்தத்தைக் களிமண்ணில் பிசைந்து மனிதனைச் செய்தார்கள், வாய்க்கால் வெட்ட. எல்லா மனிதனுக்கும் ஒரே மண், ஒரே ரத்தம். வகையே கிடையாது.

தேனு கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு:

"உன் கதையில நான் மம்பட்டி புடிக்கப் பொறந்தவ. அவரு கதையில நான் சாமி வீட்டுப் பிள்ளை. நீயே சொல்லுண்ணே, நான் எதை எடுத்துக்குவேன்?"

"இது கதை எடுக்கிற விஷயமாம்மா? பிள்ளை விஷயம்."

"பிள்ளை போனப்ப அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? விளங்காத வயிறுன்னாங்க. நீ வந்து தலையைக் குனிஞ்சு உக்காந்துட்டுப் போன. அவரு ஒருத்தருதான் உன் ரத்தம் ஒசந்ததுன்னு சொன்னாரு."

சுகந்தி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். என்னிடம் இருந்ததெல்லாம் உண்மை மட்டும். அதைக் கொடுத்து அவளிடம் இருப்பதை வாங்க முடியாது.

போகும்போது, "ஸ்கேன் மட்டும் எடுத்துக்கிறேன் மதினி, உங்களுக்காக" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஸ்கேன். பிள்ளை பாசிட்டிவ்தான் போல. ரத்தம் குறைகிறது. இந்த வாரத்துக்குள் ஏற்ற வேண்டும். டாக்டரம்மா படத்தில் ஒரு நரம்பைக் காட்டினார், அதில் ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடுகிறதாம். தேனு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை கையை வாய்க்குக் கொண்டுபோனது.

வெளியே வந்ததும்: "வேற மனுச ரத்தத்தை என் வயித்துக்குள்ள விட மாட்டேண்ணே."

மாப்பிள்ளை ஆட்டோ பிடித்தார். பள்ளம் பார்த்து ஓட்டுங்க என்று ஆட்டோக்காரரிடம் மூன்று தடவை சொன்னார்.

சுகந்தி அழுதாள். எனக்குக் கோபம் மட்டும். முப்பது விடைத்தாள் திருத்தினேன். எல்லாருக்கும் குறைத்துப் போட்டிருக்கிறேன். நாளைக்கு மறுபடி பார்க்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

காலையில் டாக்டரம்மாவுக்குப் போன். சும்மா கேட்ட கேள்வி: பிள்ளைக்கு எந்த ரத்தம் ஏற்றுவீர்கள்?

"ஓ நெகட்டிவ் சார். அம்மா உடம்பு அதைத்தான் அழிக்காது."

போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றேன்.

மதியம் லீவு சொல்லிவிட்டுக் கீழக்குயில்குடி. வழியெல்லாம் வேறு வழி யோசித்தேன். நாகமலைப் புதுக்கோட்டை தாண்டியதும் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

கூடத்தில் மூவரும். சொன்னேன்:

"தேனு, ஏத்தப்போற ரத்தம் உன் வகை. நெகட்டிவ். மனுச ரத்தம் இல்ல, உங்க சாமி ரத்தம்."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். தேனு மட்டும் கண்ணை எடுக்காமல், "நீ நம்புறியாண்ணே?"

இருபத்திரண்டு வருஷமாக வரலாறு நடத்துகிறேன்.

"நம்புறேன்மா. பலகையில இருக்கு. சாமி ரத்தத்தைப் பிசைஞ்சுதான் மனுசனை உண்டாக்குனாங்க. இப்ப இவங்க செய்யப்போறதும் அதேதான். இம்புட்டு நாளா நான் மறுத்தது தப்பு. நெகட்டிவ் ரத்தம் சாமி ரத்தம்தான்."

அவள் எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அப்பா செத்தபோதுகூட இப்படி அழவில்லை. அழுதுகொண்டே, "எப்பண்ணே போகணும்?"

நாளை மறுநாள்.

ஜூன் 20, வெள்ளி

ஏற்றியாயிற்று. நல்லபடியாக. டாக்டரம்மா வெளியே வந்து கட்டை விரலைக் காட்டினார். இன்னும் மூன்று நான்கு தடவை செய்ய வேண்டியிருக்குமாம், பிரசவம் வரை.

மாப்பிள்ளை என் காலில் விழப்போனார். தடுத்தேன். ஆஸ்பத்திரி கேன்டீனில் பொங்கல் வடை. வடை ஊசல். இருந்தும் தின்றேன்.

பிள்ளை உயிரோடு இருக்கிறது. இதை எழுதிப் பார்க்கவே சந்தோஷம். இன்றைக்கு வேறு எதையும் எழுத மாட்டேன்.

ஜூலை 2, புதன்

மழை வரும் போல் இருட்டிக்கொண்டு வந்து, ஒரு தூறல், அவ்வளவுதான்.

வகுப்பில் நுழைந்ததும் கைதட்டல். ஒரு பெண் போனை நீட்டினாள். திரையில் நான். தேனு வீட்டுக் கூடம், மேலேயிருந்து எடுத்தது. பக்கத்தில் கழுகுத் தலையோடு இறக்கை வைத்த உருவம். மேலே மஞ்சள் எழுத்தில்: 'உண்மையை ஒப்புக்கொண்டார் மதுரைப் பேராசிரியர்!'

கூடத்துக் கேமரா. தலைக்கு மேலேயே இருந்தது. குரலும் பதியும் என்று எனக்குத் தெரியாது.

தேனு அழுதது வீடியோவில் இல்லை. வெட்டிவிட்டார்கள். பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுவதும் இல்லை. 'நெகட்டிவ் ரத்தம் சாமி ரத்தம்தான்' மட்டும், மூன்று தடவை, திரும்பத் திரும்ப. கடைசியில் மாப்பிள்ளை தோன்றிச் சொல்கிறார்: "மச்சான் அரசாங்கச் சம்பளம் வாங்குறவரு. வெளியில கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாரு. புரிஞ்சுக்கங்க நண்பர்களே."

கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். திட்டவில்லை. "என்ன சார், நீங்களுமா?" என்றார். திட்டியிருக்கலாம்.

நேரே மாப்பிள்ளை கடைக்குப் போனேன். ஏணி மேல் இருந்தார், வயர் கடித்துக்கொண்டு.

"எடுத்துருங்க மாப்ள. இப்பவே."

இறங்கி வந்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"எடுத்துடுறேன். ஆனா ஏன் எடுத்தீங்கன்னு தேனு கேப்பா. மச்சான் பொய் சொன்னாருன்னு சொல்லவா? சனிக்கெழமை அடுத்த ரத்தம். வருவாளா?"

அவருக்குத் தெரியும். நான் பொய் சொன்னது தெரியும். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும் மச்சான்," என்றார். "உங்க மூஞ்சியே சொல்லுச்சு. ஆனா உங்க வாயில உண்மைதான் வந்துச்சு. உங்களுக்கே தெரியாம."

வீடியோ அப்படியே இருக்கிறது. பிரசவம் வரை இருக்கட்டும் என்று நான்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 5, சனி

இரண்டாவது ரத்தம். நல்லபடி.

தேனு படுக்கையில் இருந்து சிரித்து, "சாமி ரத்தம் ரெண்டாவது பாட்டில்" என்றாள். நர்ஸும் சிரித்தார். நானும் சிரித்தேன். தலை வலித்தது.

தெரியாத எண்களிலிருந்து போன். ஒருவர் தேனியிலிருந்து, தன் ரத்தம் நெகட்டிவ், தங்கம் எங்கே புதைந்திருக்கிறது என்று கனவு வருகிறதாம். ஒரு கல்யாணத் தரகர், நெகட்டிவுக்கு நெகட்டிவ் ஜோடி சேர்க்க என் ஆசி வேண்டுமாம். சுகந்தி போனை வாங்கி அணைத்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

மின்தடை, காலை முழுக்க. புழுக்கம்.

முதல் வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் பேசினாள். பேரையூர்ப் பக்கம். பெயர் வினோதா. சின்ன வயதுக் குரல், கூச்சம்.

"சார், நன்றி சொல்லத்தான் கூப்ட்டேன். எனக்கும் ஓ நெகட்டிவ். பொம்பளப் பிள்ளை பொறந்து அஞ்சு நாளாச்சு சார், தலைப்பிள்ளை. நேத்துத்தான் வீட்டுக்கு வந்தோம்."

சந்தோஷம்மா என்றேன். அதோடு வைத்திருக்கலாம். நான்தான் கேட்டேன், பிள்ளைக்கு என்ன வகை என்று.

"பாசிட்டிவாம் சார். ஒரு ஊசி போடணும்னு ஆஸ்பத்திரியில அம்புட்டு வற்புறுத்துனாங்க. என் ரத்தத்தோட கொணத்தையே மாத்துற ஊசியாம்ல. வேணாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். உங்க வீடியோவைப் பாத்துட்டுத்தான் சார் எனக்கு அந்தத் தைரியமே வந்துச்சு."

என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. அது பொய்ம்மா, உடனே போய்ப் போட்டுக்கோ என்று கத்தினேன். வராந்தாவில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, "பக்கத்துல ஆளு இருக்காங்களா சார்? சரி சார், வச்சுர்றேன்" என்று வைத்துவிட்டாள். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

டாக்டரம்மா: "மூணு நாளைக்குள்ள போட்டிருக்கணும். தாண்டிருச்சு. ஆனாலும் போடலாம் சார், கொஞ்சமாவது காப்பாத்தும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது." சீட்டு எழுதி வைக்கிறேன் என்றார்.

வீடியோவில் தோன்றி உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் தேனு மூன்றாவது ரத்தத்துக்கு வரமாட்டாள். சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை வினோதா.

சுகந்தியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வயித்தையும் எடை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. மொதல்ல அந்தப் பிள்ளையைப் போய்ப் பாருங்க."

வினோதாவின் ஊர் மட்டும் தெரியும். போதும்.

ஜூலை 16, புதன்

ஆஸ்பத்திரியில் சீட்டை வாங்கிக்கொண்டு முதல் பஸ். திருமங்கலத்தில் மாறி, பேரையூர். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வெடித்த கரிசல், காய்ந்த பருத்திமார், அனல் காற்று. டீக்கடையில் புதுசாப் பிள்ளை பெத்த வினோதா வீடு என்றதும் கையைக் காட்டினார்கள். "வீடியோ சாரு தானே நீங்க?"

வினோதா கட்டிலில். இருபத்துமூன்று வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழப்போனாள். மாமியார் ஓடிவந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். புருஷன் கலர் சோடா வாங்கி வந்தார். மறுத்தும் உடைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தேனு, கலைந்த பிள்ளை, ரத்தம், கேமரா. "அது பொய்ம்மா. என் தங்கச்சி பிள்ளையைக் காப்பாத்தச் சொன்ன பொய். சாமி ரத்தமும் இல்ல, குரங்கு ரத்தமும் இல்ல. இந்தா சீட்டு. ஆட்டோ வாசல்ல நிக்குது, இப்பவே போவோம்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வினோதா மெல்லச் சிரித்தாள். ஏளனம் இல்லை. எனக்காக இரங்கின சிரிப்பு.

"புரியுது சார். உங்க மாப்ள அண்ணே சொல்லியிருக்காரு. வெளியில கேட்டா இப்படித்தான் சொல்லுவீகன்னு. வேலையில இருக்கீகள்ல."

"வேலை போகட்டும்மா. இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த பிள்ளைக்குத்தான் ஆபத்து."

"அடுத்ததும் சாமி வீட்டுப் பிள்ளைதானே சார்."

புருஷன் சீட்டை வாங்கிப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், பத்திரமாக. கும்பிட்டார். "நீங்க இம்புட்டுத் தூரம் வந்ததே போதும் சார்."

கத்தினேன். கெஞ்சினேன். தேனு பிள்ளையின் ஸ்கேன் படத்தைப் போனில் காட்டினேன். அழகா இருக்கு சார் என்றாள்.

மாமியார் அடுப்படியிலிருந்து சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் சீனித் தண்ணீர் கொண்டுவந்தார். "ஆஸ்பத்திரியில சேனை வைக்க விடலய்யா. வீட்டுக்கு வந்து நல்ல ஆளு கையால வைக்கணும்னு காத்துக் கெடந்தோம். நீங்களே வந்துட்டீக. நாக்குல ஒரு சொட்டுத் தொட்டு வைங்க. வச்சவுக கொணம் பிள்ளைக்கு வரும்."

"ஊசி போடுறோம்னு சொல்லுங்க, வைக்கிறேன்."

ஏதோ வேடிக்கை சொன்ன மாதிரி சிரித்தார்கள். அதற்குள் குழந்தை என் மடியில். சூடான சின்னத் தலை. நாக்கை நாக்கை நீட்டியது, பசி போல.

விரலை நனைக்கவில்லை. குழந்தையைத் திருப்பிக் கொடுக்க நிமிர்ந்தேன்.

"அப்படியே இருங்க சார், சேனலுக்கு அனுப்பணும்," என்றார் புருஷன். போன் என் முகத்துக்கு நேராக. படம் எடுத்துவிட்டார்.